முப்பத்து நான்கு பாகை

முதலில் எனக்கு அவள் வெறும் எடை:
நூற்றுத் தொண்ணூறு கிலோ பைன் மரம்,
தாங்கி இரண்டு, திருகாணி எட்டு.
ஓலாந்துத் தீவில் எங்கள் ஊர்க் கடல்சார் காட்சியகத்தில்
இரும்பு வேலை எல்லாம் என் தலையில்தான்.

ஒரு பாய்மரக் கப்பலின் மூக்கில் இருந்தவள்.
கப்பல் பாறையில் போனது,
செதுக்கியவன் பெயர் அதோடு போனது.

"நட்டமாக நிறுத்து" என்றார் காப்பாளர் உல்வா.
நிறுத்தினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன்.
நூல் பிசகவில்லை.
அவள்தான் பிசகியிருந்தாள்.

தாடை துருத்தி,
மார்பு முன்தள்ளி,
கண் இரண்டும் கூரை விளக்கில் குத்தி,
தும்மல் வந்தும் வராமல் நிற்பவள்போல.
பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
சுவருக்குச் சாயம் அடிக்க வந்த ஹில்டிங்
ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார்:
"இவனுக்குக் கழுத்து செதுக்க வரவில்லை."
நானும் தலையாட்டினேன்.

ஆனால் தூசி துடைக்கும் கை
கண்ணைவிட மெதுவாகப் போகும்.

பாவாடையில் ஐந்தே மடிப்பு.
ஒவ்வொன்றும் விரல் புதையும் ஆழம்,
கரையில் நிற்பவனும் எண்ணிவிடலாம்.
மரத்தின் நரம்பு இடுப்பில் கிளம்பித்
தோள்வரை முறுக்கேறிப் போகிறது;
கணு விழுந்த இடத்தில்
சரியாக முழங்கை.
குறையை மறைக்கவில்லை அவன்,
அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறான்.

வலக்கண் இடக்கண்ணைவிட அரை விரல் பெரிது.
அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை எனக்கு.

காதோரம் சாயம் பெயர்ந்த இடத்தில்
வெள்ளைக்குக் கீழே செந்தூரம்,
அதன் கீழே பாசிப் பச்சை,
அதற்கும் கீழே ஈரல் நிறத்தில் ஒரு சிவப்பு.
பனி உருகும்போதெல்லாம் மாலுமிகள்
கையில் அகப்பட்ட டப்பாவைத் திறந்திருக்கிறார்கள்.
உளியின் கூர்மையைத் தூரிகை தின்று,
மூக்கு தேய்ந்த சோப்பாய், உதடு பாதி மூழ்கி.
முதுகு என்று ஒன்று இல்லை:
கோடாலி பிளந்த தட்டை, நான்கு துளை, துரு.

ஏப்ரலில் அவளைச் சற்று நகர்த்த வேண்டியிருந்தது.
சங்கிலிக் கப்பியில் தூக்கினோம்.
வார் ஒன்று ஒரு சாண் வழுக்கியது.

சாய்ந்தாள்.
உல்வா கத்தினார், ஹில்டிங் வாளியை உதைத்தார்,
நான் சங்கிலியைப் பிடித்தபடி
அண்ணாந்து பார்த்தேன்.

கழுத்து வந்துவிட்டது.

கண்கள் விளக்கைவிட்டு இறங்கி
எதிர்ச் சுவருக்கு அப்பால் எங்கோ
தொடுவானத்தில் ஊன்றின.
மடிப்பு ஐந்தும் பின்னுக்கு ஓட,
சன்னல் சாத்திய கூடத்தில்
காற்றின் திசை தெரிந்தது.
இத்தனை நாள் எதற்கோ சத்தியம் செய்வதாக
மார்பில் கிடந்த கை
சால்வை பறக்காமல் இறுக்கிக்கொண்டது.
கீழே, இடப்புறம், நான் நின்ற இடத்திலிருந்து
தூரத்துக் கண்ணும் கிட்டத்துக் கண்ணும்
ஒரே அளவு.

"இறக்கு, இறக்கு!"
"ஒரு நிமிடம் பொறுங்கள்."

ஹில்டிங்தான் ஏணியில் ஏறி
கோணமானியை அந்தத் தட்டை முதுகில் வைத்தார்.
முப்பத்து நான்கு.
பழைய துளையில் ஒரு கம்பியைச் செருகினேன்.
கம்பியும் அதே சாய்வு.
இரண்டு வருடம் முன்பு அந்தத் துளைகளை ஒதுக்கிவிட்டுப்
பக்கத்தில் நேராக வேறு நான்கு போட்டவன்
நான்தான். அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

புதுத் தாங்கியை அந்தக் கோணத்திலேயே வளைத்தேன்.
தரை தாங்குமா, அவசர வழி மறைகிறதா என்று
உல்வா மூன்று படிவம் நிரப்பினார்.

கடைசித் திருகாணியை முடுக்க
அவளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது கண்டேன்:
தாடைக்குக் கீழே, நட்டமாக நின்றவரை
யார் கண்ணுக்கும் எட்டாத மடிப்பில்,
மிளகளவு ஒரு கறுப்பு மச்சம்.
தொட்டேன். புடைத்திருந்தது.
மூக்கை மழுக்கியவர்கள், உதட்டை மூழ்கடித்தவர்கள்,
ஒவ்வொரு வருடமும்
இதன்மேல் மட்டும் தனியாக
ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள்.